தேடல் முடிவு ஒரே வரியில் வர என்ன செய்வது?

கேள்வி: டெபியன் 12 லினக்ஸ் பயன்படுத்துகிறேன். மென்பொருள் பேக்கேஜ்களைத் தேட 'ஆப்ட் சர்ச்' கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் இரண்டு வரி, அடுத்து ஒரு வெற்று வரி என்று வருகிறது. பெயர், பதிப்பு, விளக்கம் மூன்றும் ஒரே வரியில் வந்தால் கோப்பில் சேமித்து வடிகட்டலாம். வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் ஆப்ட் தருவதை ஆக், செட் போன்ற உரை திருத்தும் கட்டளைகளைப் போட்டு வெட்டி ஒட்டப் பார்க்காதீர்கள். அது திரையில் பார்ப்பதற்கானது. பைப்பில், அதாவது வேறொரு கட்டளைக்கு அனுப்பினால், ஸ்கிரிப்டில் கவனமாகப் பயன்படுத்தச் சொல்லி அதுவே எச்சரிக்கும்.

பெயரும் விளக்கமும் போதுமென்றால் பழைய 'ஆப்ட்-கேஷ் சர்ச்' ஒரே வரியில் தந்துவிடும். உங்களுக்குப் பதிப்பும் வேண்டுமே, அதற்கு ஆப்டைப் போன்ற இன்னொரு கருவியான ஆப்டிடியூட்தான் சரி. இல்லையென்றால் நிறுவிக்கொள்ளுங்கள். 'ஆப்டிடியூட் சர்ச்' என்று அடித்து, ஹைஃபனும் பெரிய எஃப்பும் போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் வடிவத்தை, அதாவது எவை எந்த வரிசையில் வர வேண்டும் என்பதைக் கொடுங்கள். அப்புறம் தேடும் சொல். சதவீதக் குறிக்குப் பின் சிறிய பி போட்டால் பெயர், சிறிய டி போட்டால் விளக்கம். பதிப்புக்குப் பெரிய வி போடுங்கள். நிறுவினால் கிடைக்கப்போகும் பதிப்பை அது காட்டும். சிறிய வி ஏற்கெனவே நிறுவியதைத்தான் சொல்லும், நிறுவாத பேக்கேஜுக்கு எண்ணே வராது. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சதவீதக் குறிக்கும் எழுத்துக்கும் நடுவே 30 என்று போட்டால் அந்த நெடுவரிசை 30 எழுத்து அகலத்தில் நிற்கும். திரைக்கு அழகு, கோப்புக்குத் தொல்லை: நீளமான பெயர்கள் வெட்டுப்படும். கோப்பில் சேமிக்கும்போது இரண்டு ஹைஃபனுடன் 'டிஸேபிள்-காலம்ஸ்' சேருங்கள். மூன்றுக்கும் இடையே செங்குத்துக் கோடு போட்டால் பிறகு பிரிப்பது சுலபம். அது மேற்கோளுக்குள் இருக்கட்டும், வெளியே விட்டால் ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) அதைப் பைப் என்று எடுத்துக்கொள்ளும்.

நிறுவியவற்றின் பட்டியல் மட்டும் போதுமானால் 'டிபிகேஜி-குவரி' கட்டளை இன்னும் எளிது. ஹைஃபனுடன் பெரிய டபிள்யூ, அப்புறம் ஹைஃபனுடன் சிறிய எஃப், அதன் பின் வடிவம். இங்கே புலப் பெயர்கள் டாலர் குறியும் நெளிவு அடைப்பும் கொண்டு வரும். இரட்டை மேற்கோள் போட்டால் ஷெல் அவற்றைத் தன் மாறி என்று நினைத்துக் குழப்பிவிடும், ஒற்றை மேற்கோளே போடுங்கள். வடிவத்தின் கடைசியில் வரியை முடிக்கப் பின்சாய்வுக் கோடும் சிறிய என் எழுத்தும் அவசியம். ஆப்டிடியூட் வரியைத் தானே முடித்துக்கொள்ளும், இது முடிக்காது. மறந்தால் பட்டியல் முழுக்க ஒரே வரியாக ஓடிவிடும்.