கங்காணி இல்லாத நேரம்

கேள்வி: எங்கள் அயல்கூட்டத்தில் (கேரளக் குடும்பஸ்ரீ திட்டத்தின் பெண்கள் சுயஉதவிக் குழு) 14 பேர், எல்லோரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் தமிழ்ப் பெண்கள். முறுக்கு சுட்டு குமுளி கடைகளுக்குப் போடுகிறோம். ஆறு மாதமாக நான்தான் பிரசிடென்ட். நான் நின்றால் வேலை நடக்கிறது. கொழுந்தெடுக்கப் போய்விட்டால் முறுக்கு கருகுகிறது, பாதிப் பேர் வருவதே இல்லை. சரி, எல்லோரையும் கேட்டு நடத்துவோம் என்றால் கூட்டம் இரண்டு மணி நேரம் இழுக்கிறது, முடிவு வருவதில்லை. கண்டிப்பாக இருக்கவா, விட்டுப்பிடிக்கவா?
- ஒரு வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: நீங்கள் நின்றால் நடக்கிறது, நகர்ந்தால் நிற்கிறது. அமெரிக்காவில் கர்ட் லெவின், லிப்பிட், வைட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1939-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் பார்த்தது. பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாக்கிக் கைவேலை கொடுத்தார்கள். அதட்டி நடத்திய குழுவில் தலைவர் வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்திய குழுவில் பெரிதாகக் குறையவில்லை. 'உங்கள் இஷ்டம்' என்று விட்ட குழுதான் மோசம்: வேலையும் குறைவு, தரமும் குறைவு. கங்காணியின் தலை மறைந்ததும் கை ஓய்வதைத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு நான் சொல்லவா வேண்டும்!

ஆனால் எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்பதல்ல கலந்து பேசுவது. நீங்கள் சறுக்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன். மாவு அளவுக்கும் எண்ணெய்ச் சூட்டுக்கும் ஓட்டெடுப்பு எதற்கு? நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுந்து மாவு, சலசலப்பு அடங்கியதும் எடு என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். அதில் கண்டிப்பு தப்பில்லை. காசும் நேரமும் சம்பந்தப்பட்டதைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்: விலை, பங்கு, யாருக்கு எந்த நாள். 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தபோது தங்கள் சங்கத் தலைவர்களையே கிட்டே சேர்க்கவில்லை. தங்களைக் கேட்காமல் தங்களுக்காகப் பேசுகிறார்கள் என்ற கோபம் அது.

கூட்டத்துக்கு மூன்று விஷயம் போதும், முக்கால் மணி நேரம். வயதில் சின்னவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில். பிரசிடென்ட் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு, வெளியே போய் லயத்து வாசலில்தான் உண்மையைப் பேசுவார்கள். ஒவ்வொரு முடிவுக்கும் யார், எந்தத் தேதிக்குள் என்று மினிட்ஸில் எழுதி, எழுந்திருக்கும் முன் சத்தமாக வாசியுங்கள். இரண்டாவது கூட்டத்திலும் இழுபறியானால் கை தூக்கச் சொல்லி முடித்துவிடுங்கள்.

கருகுவது வேறு கதை. அடுப்பு, கணக்கு, கடைக்காரர் மூன்றும் உங்கள் கையில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அயல்கூட்டத்தில் பிரசிடென்ட், செக்ரட்டரி போக ஆரோக்கியம், வருமானம், அடிப்படை வசதி என்று மூன்று வாலண்டியர்கள் உண்டு. பல இடங்களில் இது நோட்டில் மட்டும்தான். உங்கள் வருமான வாலண்டியரிடம் அடுப்பைக் கொடுங்கள். ஒரேயடியாக அல்ல: முதல் இரண்டு வாரம் பக்கத்தில் நில்லுங்கள், மூன்றாவது வாரம் பாக்கெட் போடும்போது மட்டும் பாருங்கள், பிறகு வாரக் கூட்டத்தில் எத்தனை கிலோ போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று மட்டும் கேளுங்கள். நடுவில் ஒரு ஈடு கருகும். அப்போது கரண்டியைப் பிடுங்கினால், நாலு வாரம் கழித்தும் நீங்களேதான் சுட்டுக்கொண்டிருப்பீர்கள். என்ன தப்பானது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் தீயைக் குறைக்காமல் அடுத்த ஈட்டைப் பிழிந்திருப்பார்.

வராத பாதிப் பேரைத் திட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: வந்தவருக்கும் வராதவருக்கும் ஒரே பங்கா? அப்படியென்றால் வருகிறவர்களும் சீக்கிரம் நின்றுவிடுவார்கள். வந்த நாளுக்குத் தக்க பங்கு, பிரசவம், காய்ச்சலுக்கு மட்டும் விலக்கு என்று வைக்கலாமா என்பதை அடுத்த கூட்டத்தின் முதல் விஷயமாக வையுங்கள். வராதவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். அன்றைக்கு அவர்களும் இருக்க வேண்டும்.