1851 என்று போட்டிருந்தால் 1851-இல் அச்சானதா?

கேள்வி: சவுதாம்ப்டனில் பழைய சாமான் சந்தையில் ஒரு பாய்மரப் படகுப் பந்தயப் படம் வாங்கினேன். 'அமெரிக்கா' என்ற படகு வெற்றி பெறும் காட்சி. கீழே டி. ஜி. டட்டன் என்ற பெயரும், 1851 ஆகஸ்ட் 22 என்ற தேதியும் இருக்கின்றன. தாள் நன்றாகப் பழுத்திருக்கிறது. அசல்தானா?

பதில்: தேதியை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றிப் பந்தயம் நடந்த நாள். ஆஸ்வால்ட் பிரையர்லி வரைந்த காட்சியை டட்டன் லித்தோ கல்லச்சாக்கினார் (கல்லில் வரைந்து, அதிலிருந்து தாளில் அச்செடுக்கும் முறை). அமெரிக்க ஓவியர் ஃபிட்ஸ் ஹென்றி லேன் அந்த அச்சைப் பார்த்துத்தான் தன் ஓவியத்தையே தீட்டினார். அவ்வளவு பிரபலமான படத்தை அப்புறம் யாரும் நகல் போடாமல் விட்டிருப்பார்களா? தாளின் பழுப்பும் சாட்சியாகாது. தேநீரில் நனைத்தால் புதுத் தாளும் பழுக்கும்.

நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்களே, அந்த 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். பின்னோக்கிச் சாய்ந்த இரண்டு பாய்மரங்களிலிருந்து இறங்கும் மெல்லிய கயிறுகளையும், பாயில் விழும் நிழலையும் பாருங்கள். கல்லில் மெழுகுக் குச்சியால் வரைந்தது என்றால் நிழல் சொரசொரப்பாக, ஒழுங்கற்ற பொடிப்பொடியாகத் தெரியும். கயிறு கோடாகவே நிற்கும். ஒரே சீராக வரிசை கட்டிய புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால நகல், சந்தேகமே வேண்டாம். புள்ளி இல்லாததாலேயே அசல் என்றும் சொல்லிவிட முடியாது. புள்ளியில்லாமல் நகலெடுக்கும் முறைகளும் உண்டு.

கொடிகளில் நிறம் கோட்டைத் தாண்டி லேசாக வழிந்திருந்தால், கையால் தீட்டியிருக்க வாய்ப்பு உண்டு. இருட்டறையில், கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கைத் தாளின் ஓரத்தில் அடித்துப் பாருங்கள். பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், பெரும்பாலும் 1950-க்குப் பிந்திய தாள். தாளில் தகடு அழுந்திய தடம் இல்லையே என்று சிலர் பயப்படுவார்கள். அது செம்புத் தகட்டு அச்சுக்கு உரியது, கல்லச்சில் தேட வேண்டாம்.

இதிலெல்லாம் தேறினால், கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் டட்டனின் அச்சுகளைத் தேடி, படத்தின் அளவையும் அடியிலுள்ள எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். சட்டகத்தை நீங்களே பிரிக்க வேண்டாம். தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கிழிந்துவிடும். முடிவு தெரியும்வரை வெயில் படாத சுவரில் மாட்டி வையுங்கள்.