மாமியார் படுக்கைக்கும் ஷிப்ட் போடுங்கள்

கேள்வி: பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறோம். மாமியார் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம் ஆகிறது. ராத்திரி மூன்று தடவையாவது எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறேன். மாதம் தவறாமல் சளி. போன மாதம் விலாவில் அக்கி வந்தது. திடீர் திடீரென அழுகிறேன். "எல்லாம் மனசுதான், தைரியமா இரு" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசில் கோளாறா, உடம்பிலா? (வாசகி, வயது 46)

பதில்: இரண்டிலும்தான் அம்மிணி.

உங்களைப் போன்றவர்களை வைத்தே 1995இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. மறதி நோய் கண்ட உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள். எல்லோர் கையிலும் மூன்றரை மில்லிமீட்டரில் ஒரே மாதிரி சின்னக் காயம் செய்து, ஆறுவதைக் கவனித்தார்கள். சுமை இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய 39 நாளில் ஆறியது. மற்றவர்களுக்கு 49 நாள் ஆனது. அந்தப் பத்து நாள் தாமதத்தைத் தைரியம் சொல்லிக் குறைக்க முடியுமா?

கவலை நீண்டால் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு தாறுமாறாகும். கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்கள் சுணங்கும். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் பதுங்கியிருக்கும். எதிர்ப்பு சக்தி தளரும்போது அதுதான் அக்கியாகக் கிளம்புகிறது. காவி குழைத்து அக்கி எழுதுவது நம் ஊர் வழக்கம், தெரியும். ஆனால் கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்குவதுதான் நல்லது. கண் பக்கம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

இது எதிர்த்திசையிலும் வேலை செய்யும், உடம்பும் மனசைப் பாதிக்கும். காய்ச்சல் வந்தால் யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுக்கிறோம் அல்லவா? உடம்பின் அழற்சி மூளைக்கு அனுப்பும் சேதி அது. மனச்சோர்வு உள்ள சிலரிடமும் இந்த அழற்சி கூடுதலாகத் தெரிகிறது.

அதற்காக எல்லாப் பழியையும் மனசின் மேல் போடாதீர்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். அழுகையும் எதிலும் பிடிப்பில்லாமையும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எப்போது வேண்டுமானாலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அப்புறம், தறிக்கு ஷிப்ட் மாற ஆள் வைக்கிறோம். மாமியார் படுக்கைக்கு மட்டும் ஏன் இரண்டு வருடமாக நீங்கள் ஒருவரே? வாரத்தில் இரண்டு ராத்திரி வீட்டுக்காரர் எழுந்திருக்கட்டும். நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். இந்தப் பக்கத்தை அவரிடமே கொடுங்கள்.