நியூரான் வளர்ப்பில் எஸ்பி-600125 (ஜேஎன்கே என்ற செல் நொதியைத் தடுக்கும் மருந்து) சேர்த்ததும் மஞ்சள் ஊசிகள் தெரிவது ஏன்? ஸ்டாக்கை, அதாவது செறிவான மூலக் கரைசலை, எப்படித் தயாரிப்பது?

அந்த ஊசிகள் மருந்தேதான். எஸ்பி-600125 தண்ணீரில் கரையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடை 220.23. 5 மில்லிகிராம் தூளுக்கு 1.135 மில்லி உலர்ந்த டிஎம்எஸ்ஓ (கரைப்பான்) விட்டால் 20 மில்லிமோலார் ஸ்டாக். 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். டிஎம்எஸ்ஓ 18 டிகிரியிலேயே உறைந்துவிடும். அரைகுறையாக உருகியதிலிருந்து பிப்பெட்டில் எடுத்தால் செறிவு தப்பும். டிஎம்எஸ்ஓவின் பழைய பாட்டிலும் வேண்டாம், அது ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்.

பலர் சறுக்குவது அடுத்த படியில். ஸ்டாக்கை நேரே வளர்ப்புத் தட்டின் கிணற்றில் (செல்கள் வளரும் குழியில்) சொட்டாதீர்கள். விழுந்த இடத்தில் செறிவு எகிறி அங்கேயே படிகமாகும். 37 டிகிரி மீடியத்தை (செல்களின் ஊட்டக் கரைசலை) வோர்டெக்ஸில் சுழற்றிக்கொண்டே 1 மில்லிக்கு 1 மைக்ரோலிட்டர் விடுங்கள்: 20 மைக்ரோமோலார். கிணற்றில் பாதி மீடியத்தை எடுத்துவிட்டு அதே அளவு இதை ஊற்றினால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.05 சதவீதம். முழு மீடியத்தையும் மாற்றுவது நியூரானுக்கு ஆகாது. சோதனைக்காக நியூரானுக்கு நச்சு கொடுப்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே இதைச் சேருங்கள்.

செல் பிழைத்தது என்பதற்காக ஜேஎன்கே அடங்கியது என்று எழுதிவிட முடியாது. சி-ஜூன் என்பது ஜேஎன்கே பாஸ்பேட் ஏற்றும் புரதம்; அதன் செரின்-63 இடத்தில் பாஸ்பேட் ஏறிய வடிவத்தின் (பாஸ்போ சி-ஜூன்) பட்டை, புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் மங்க வேண்டும். மருந்தில்லாமல் வெறும் டிஎம்எஸ்ஓ மட்டும் சேர்த்த கன்ட்ரோல் கட்டாயம். நொதியில் ஏடிபி ஒட்டும் இடத்துக்குப் போட்டியிடும் இந்த மருந்து 10 மைக்ரோமோலாரில் வேறு பல கைனேஸ்களையும் (ஜேஎன்கே போலப் பாஸ்பேட் ஏற்றும் நொதிகளையும்) தொடும். அதனால் ஜேஎன்கே-3 நாக்டவுனும் (ஜேஎன்கேயின் ஒரு வகையான அதன் உற்பத்தியையே குறைத்துப் பார்க்கும் சோதனையும்) ஒத்துப்போனால்தான் நான் நம்புவேன்.