பனிச்சறுக்கில் எரியும் கலோரி எவ்வளவு? கேள்வி பதில்

கேள்வி: ஒரு மணி நேரம் பனிச்சறுக்கினால் எத்தனை கலோரி செலவாகும்? என் எடை 70 கிலோ.

பதில்: மலைச்சரிவில் லிஃப்டில் ஏறிக் கீழே சறுக்கி வருவதைத்தான் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். உடலியங்கியலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவை 1 மெட் என்பார்கள்; ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி. நிதானமான இறக்கச் சறுக்கு 4.3 மெட், நடுத்தர வேகம் 5.3, பந்தய வேகம் 8. ஆகவே நடுத்தர வேகத்தில் உங்களுக்கு 70 × 5.3 = 371 கலோரி ஆகும். (பேச்சு வழக்கில் கலோரி என்று நாம் சொல்வதெல்லாம் கிலோ கலோரிதான், கீழேயும் அப்படியே எழுதுகிறேன்.) ஆனால் இது இடைவிடாமல் சறுக்கிக்கொண்டே இருந்தால் கிடைக்கும் கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: எனக்கும் அதே எடைதான். நேற்று நான்கு மணி நேரம் மலையில் இருந்தேன். கைக்கடிகாரம் 1,900 கலோரி என்று காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். நான் ஒரு முறை நிறுத்துகடிகாரம் வைத்து அளந்து பார்த்தேன்: வரிசையில் நின்று லிஃப்டில் மேலே போய்ச் சேர ஒன்பது நிமிடம், சறுக்கி இறங்க நான்கு நிமிடம். அந்த நான்கிலும் ஒரு நிமிடம், சரிவின் ஓரமாக நின்று மூச்சு வாங்கியதில் போயிற்று. உங்கள் நான்கு மணி நேரத்தில் உண்மையாகச் சறுக்கியது 80 நிமிடம், வரிசையும் லிஃப்டும் 100 நிமிடம், ஓய்வு 60 நிமிடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சறுக்கலுக்குச் சுமார் 495, வரிசைக்கும் லிஃப்டுக்கும் 1.5 மெட் வீதம் 175, ஓய்வுக்கு 1.3 மெட் வீதம் 91. ஆக மொத்தம் 760 கலோரி அளவில் நிற்கிறது. நான்கு மணி நேரத்தையும் 371ஆல் பெருக்கினால்கூட 1,484தான் வரும்.

கடிகாரம் இதயத் துடிப்பை வைத்துக் கணக்கிடுகிறது. துடிப்போ உழைப்பால் மட்டும் ஏறுவதில்லை. செங்குத்தான சரிவின் விளிம்பில் நின்று கீழே பார்த்தாலே, ஒரு தசையும் அசையாமல் அது எகிறும். உயரமான இடத்தில் காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் குறைவு என்பதால், அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. போதாக்குறைக்குக் குளிரில் மணிக்கட்டின் தோலுக்கு வரும் இரத்தம் குறைந்துவிடுவதால், ஒளியால் அளக்கும் கருவி தடுமாறுகிறது.

கேள்வி: தொடை அப்படி எரிகிறதே, அதற்குரிய கலோரி போயிருக்க வேண்டாமா?

பதில்: எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். இறக்கத்தில் உங்களை இழுப்பது புவியீர்ப்பு. தசையின் வேலை பிரேக் போடுவது. முழங்காலை மடித்து, உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே திருப்பத்தில் தாழும்போது, முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகுகிறது. இவ்வகை இறுக்கத்தில் மிகுந்த விசை பிறக்கும், ஆனால் ஆக்சிஜன் செலவு குறைவு. அதே இறுக்கம் தசை நார்களில் நுண்ணிய சேதத்தை உண்டாக்குவதால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ படி இறங்க முடியாமல் வலிக்கிறது. நீண்ட நேரம் இறுக்கிப் பிடித்த தசையில் இரத்த ஓட்டம் தடைப்படுவதே அப்போதைய எரிச்சலுக்கு ஒரு காரணம். வலியைக் கொண்டு கலோரியை அளக்க முடியாது.

கேள்வி: கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு எப்படி?

பதில்: சமவெளியிலும் மேடுபள்ளத்திலும் சொந்த உழைப்பால் சறுக்கிச் செல்லும் அது வேறு சங்கதி. அங்கே லிஃப்டும் இல்லை, புவியீர்ப்பின் தயவும் அதிகம் இல்லை. கால் தள்ள, கைகள் ஊன்றுகோலை அழுத்த, வயிறும் முதுகும் சேர்ந்து உழைக்கின்றன. மணிக்கு 4 கிலோமீட்டர் என்ற மெதுவான நடையிலேயே 6.8 மெட்; ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் 9; அதைத் தாண்டி விரைந்தால் 12.5. அதே 70 கிலோ எடைக்கு முறையே 476, 630, 875 கலோரி. ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செல்ல முடிவதால், இந்த மணிக்கணக்கு பெரும்பாலும் மெய்யாகவே கைக்கு வரும். உலகிலேயே மிக உயர்ந்த ஆக்சிஜன் ஏற்புத்திறன் (உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன்) அளவுகள் இவ்விளையாட்டு வீரர்களிடம் பதிவானதில் வியப்பில்லை.

கேள்வி: இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டுக்கு?

பதில்: இறக்கச் சறுக்குக்குரிய அதே எண்கள்தாம்.

கேள்வி: குளிரே கலோரியை எரிக்குமாமே?

பதில்: நடுங்கினால் எரிக்கும். நல்ல உடை உடுத்திச் சறுக்குபவருக்கு உழைக்கும் தசையின் வெப்பமே போதுமானது. உள்ளே வியர்த்துக்கொண்டிருப்பவரின் உடல், குளிருக்கென்று தனியாக எரிக்க வேண்டியது மிகக் குறைவு.

கேள்வி: நான் புதிதாகக் கற்றுக்கொள்பவள். எனக்குக் குறைவாகத்தானே செலவாகும்?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. விழுந்து, பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, கையை ஊன்றி எழுந்து, பக்கவாட்டில் அடி வைத்து மேலேறும் ஒரு காலைப்பொழுது, தேர்ந்தவர் நிதானமாகச் சறுக்கும் பொழுதைவிடக் கடினமாக இருக்கலாம். தேர்ந்தவர் எலும்புக்கூட்டின் மீது பாரத்தை நிறுத்தத் தெரிந்தவர். நீங்கள் இப்போதைக்குத் தசையால் தாங்குகிறீர்கள்.

கேள்வி: ஐந்து நாள் சறுக்கினால் ஒரு கிலோ குறையுமா?

பதில்: மேலே சொன்ன 760இல், வீட்டில் சும்மா இருந்தாலும் செலவாகும் 280ஐக் கழித்தால் 480 மிஞ்சும். ஐந்து நாளைக்கு 2,400. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால், கூடுதலாக ஒரு கவளமும் உண்ணாமல் இருந்தால் 300 கிராம் குறையலாம். அதற்கு மேல் தராசு காட்டுவதில் பெரும்பகுதி, உலர்ந்த மலைக்காற்றில் மூச்சோடும் வியர்வையோடும் போன நீர். இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும்.