கணினிக் கார்ப் பந்தயத்தில், டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் ஒரு சுற்றுப் பிந்திப் போனதும் இடம் பறிபோவது ஏன்?

நீங்கள் பிட்டில் தாமதித்ததால் அல்ல. இரண்டு விநாடி பின்னால் வந்த உங்கள் உப்புவெளி நண்பர் ஒரு சுற்று முந்தியே டயர் மாற்றியதால், நீங்கள் தேய்ந்த டயரோடு ஓடிய அந்தச் சுற்றிலேயே உங்கள் முன்னிலை கரைந்துவிட்டது.

பெரும்பாலும் உங்கள் மென் டயர் (பிடிமானம் கூடிய, விரைவில் தேயும் வகை) அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கும். வளைவிலிருந்து வெளிவரும்போது பின்சக்கரம் வழுக்கும். வழுக்க வழுக்க இன்னும் சூடேறும்.

பந்தயப் பதிவைத் திறந்து, பிட்டுக்குத் திரும்பிய உங்கள் சுற்றையும் பிட்டிலிருந்து வெளியேறிய அவருடைய சுற்றையும் பகுதி பகுதியாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் வளைவுகளில் இருந்தால் காரணம் இதுதான்.

ஆனால் புதிதாக மாட்டிய கடின டயர் சூடேறிப் பிடிமானம் பெற நேரமெடுப்பதால், குளிர்ந்த தடத்திலும், டயர் அதிகம் தேயாத மொனாக்கோ பந்தயத் தடத்திலும் பிந்திப் போவதே சில வேளை பலன் தரும். வெளியே அடிக்கும் கச்சான் காற்றை விளையாட்டு அறியாது. திரையில் காட்டும் தட வெப்பநிலையைப் பாருங்கள்.