பின்னால் வரும் கார்

அன்புள்ள ஐயா,

சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் விடியற்காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை ஓட்டும் ஒரு சைக்கிள் குழுவில் இருக்கிறேன். போன தீபாவளிக்கு போனஸையும் சேமிப்பையும் போட்டு கார்பன் இழையில் செய்த போட்டிச் சைக்கிள் ஒன்று வாங்கினேன்.

எங்கள் குழுவில் சைக்கிளின் தோற்றம் பற்றி எழுதாத சட்டங்கள் நிறைய உண்டு. டயரில் உள்ள கம்பெனிப் பெயர் வால்வுக்கு நேராக வர வேண்டும். படம் எடுத்தால் செயின் இருக்கும் வலது பக்கம்தான் தெரிய வேண்டும், செயினும் பெரிய பல்சக்கரத்தில் இருக்க வேண்டும். காலுறையின் உயரத்துக்கும் கணக்கு உண்டு. மணி, ஸ்டாண்டு, மட்கார்டு, ரிஃப்ளெக்டர் எதுவும் கூடவே கூடாது. வேகமானதுதான் அழகானது என்பார் குழுவின் மூத்தவர்.

போன மாதம் நான் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தேன். அப்பா ஓய்வுபெற்றவர். சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள் விழுந்துவிடும் என்று தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டுபோய் ஸ்டாண்டும் மணியும் மாட்டி வைத்துவிட்டார். மணியின் கிளாம்ப் அழுத்தி, நான் தேடித் தேடி வாங்கிய வெள்ளை ஹேண்டில் டேப் ஓரிடத்தில் கிழிந்து நூல் தெரிந்தது. கத்திவிட்டேன். இரண்டையும் கழற்றிப் பரணில் போட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மனைவி, "இது சைக்கிளா, நகையா?" என்கிறாள்.

என் கேள்வி இதுதான். இந்த நுணுக்கமெல்லாம் ரசனையா, இல்லை வெறும் பகட்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரசனைக்கும் பகட்டுக்கும் நடுவில் கோடு போட்டுக் காட்டியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. உங்கள் கடிதத்தை மற்றவற்றைத் தள்ளிவிட்டு எடுத்ததற்குக் காரணம் வேறு. ஒரு வாரமாகவே என் பெரியப்பாவின் சைக்கிள் நினைவாக இருக்கிறேன். ஊருக்குப் போயிருந்தபோது அதன் ஹேண்டில்பார் மட்டும் தொழுவத்தில் கிடந்தது. கன்றுக்குட்டிக் கயிற்றைச் சுற்றிவைக்கப் பயன்படுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சில்லறைகளை முதலில் முடித்துவிடலாம். டயரின் பெயரை வால்வுக்கு நேராக வைப்பது நல்ல பழக்கம், விடாதீர்கள். டியூப்பில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால், வால்விலிருந்து அளந்து டயரில் முள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். பஞ்சர் பார்க்கிறவனின் தந்திரம் உங்களிடம் அழகாக மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். காலுறையா? சர்வதேச சைக்கிள் சம்மேளனமே அதற்கு ஒரு விதி வைத்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் பாதிக்கு மேல் ஏறக் கூடாது என்று சொல்லி, போட்டியில் அளந்தும் பார்க்கிறது. பெரியவர்களே அப்படி என்றால் உங்களை என்ன சொல்ல. படம் வலது பக்கம் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெண் பார்க்கப் படம் எடுக்கும்போது எந்தப் பக்கம் திரும்பச் சொல்வார்கள் என்று எல்லா வீட்டிலும் தெரியும்.

வேகமானதுதான் அழகானது என்று சொன்ன மூத்தவரிடம் கிரேம் ஓப்ரீயைக் கேள்விப்பட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். ஸ்காட்லாந்துக்காரர். கையில் காசில்லாமல் தானே ஒரு சைக்கிள் செய்தார். அதில் வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய பேரிங் இருந்தது. இரண்டு கையையும் நெஞ்சுக்கு அடியில் மடக்கிக்கொண்டு, பெட்டிக்குள் அடைத்த கோழி மாதிரி உட்கார்ந்து ஓட்டுவார். 1993 ஜூலையில் நார்வேயில் ஹாமர் என்ற ஊரில், ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டும் சாதனைக்கு முயன்றார். முதல் நாள், அவருக்காகவே நேர்த்தியாகச் செய்து கொடுத்த நகல் சைக்கிளில் ஓட்டித் தோற்றார். மறுநாள் காலை தன் சொந்தச் சைக்கிளில் ஏறி 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். அன்று உலகத்திலேயே வேகமான சைக்கிள் அது. உங்கள் குழு அதைப் படம் எடுக்கச் சம்மதிக்குமா? மறு வருடமே அந்த உட்காரும் முறையைச் சம்மேளனம் தடை செய்தது. ஆக, வேகத்துக்காகத்தான் இதெல்லாம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். மணியின் எடை ஐம்பது கிராம் இருக்குமா? வயிற்றில் இருக்கும் நேற்றைய பிரியாணி அதைவிடக் கனம்.

சரி, இப்போது எனக்கு உண்மையில் உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். உங்கள் சட்டங்களில் பாதிக்கு மேல் 'கூடாது'கள். மணி கூடாது, ஸ்டாண்டு கூடாது, மட்கார்டு கூடாது, கேரியர் என்ற பேச்சே இல்லை. கழற்றக் கழற்ற அழகு. இந்த வெறுமை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா?

டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் பழைய படங்களைப் பாருங்கள். ஓட்டுகிறவர்களின் தோளில் உதிரி டயர்கள் எட்டுப் போட்ட மாதிரி மாலையாகக் கிடக்கும். யாரும் உதவக் கூடாது என்பது அன்றைய சட்டம். 1913இல் ஓழேன் கிறிஸ்டோஃப் என்ற வீரருக்கு டூர்மாலே மலை இறக்கத்தில் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் கவை (ஃபோர்க்) உடைந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரத்தில் செயின்ட் மாரி தெ காம்பான் என்ற கிராமத்தின் கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தார். போட்டி அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இரண்டு கையாலும் வேலை செய்துகொண்டிருந்ததால் பட்டறைப் பையன் ஒருவன் துருத்தி ஊதினான். அதற்கு நேர அபராதம் போட்டார்கள்.

அப்புறம் காலம் மாறியது, விதிகள் தளர்ந்தன. அணிகளின் கார்கள் பின்னால் வரத் தொடங்கின. காரின் கூரையில் உதிரிச் சைக்கிள்கள், உள்ளே சக்கரம், சாப்பாடு, மழைச்சட்டை, மெக்கானிக். அணித்தலைவருக்குத் தாகம் எடுத்தால், இன்னொரு வீரர் பின்தங்கிப்போய்க் காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிச் சட்டைக்குள் ஐந்தாறு திணித்துக்கொண்டு மூச்சிரைக்க முன்னால் வந்து கொடுப்பார். அந்த வேலைக்குப் பிரெஞ்சில் வைத்திருக்கும் பெயர் 'டொமெஸ்டிக்'. வேலைக்காரன் என்றே அர்த்தம்.

போட்டிச் சைக்கிளின் வெறுமை அப்படி வந்தது. சுமை எங்கும் போய்விடவில்லை, காருக்கும் அடுத்தவன் முதுகுக்கும் மாறியிருக்கிறது. தொழிலுக்காக ஓட்டுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கார் இருக்கிறது. எஸ்., உங்கள் பின்னால் எந்தக் கார் வருகிறது? கோவளம் தாண்டி டயர் வெடித்தால் யாருக்குப் போன் செய்வீர்கள்? நகையா என்று கேட்டாரே, அவருக்குத்தானே? ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கலைந்த தலையோடு, கார் சாவியைத் தேடிக்கொண்டு. உங்கள் சைக்கிள் அவ்வளவு சுத்தமாக இருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. நீங்கள் சுவரில் சாய்த்துவிட்டுப் போகும் சைக்கிள் விழுந்துவிடாமல் வருகிறவர் போகிறவரிடமிருந்து காத்துக்கொண்டிருந்தது யார்? உங்கள் அப்பாதான் உங்கள் ஸ்டாண்டு. அந்த வேலையை ஒரு இரும்புத் துண்டுக்கு மாற்றிவிடலாமே என்று நினைத்திருக்கிறார்.

சுமை தூக்கும் சைக்கிள் அழகாக இருக்க முடியாது என்பதும் பொய். பாரிஸை ஒட்டிய ஊரில் ரெனே எர்ஸ் என்று ஒரு சைக்கிள் கலைஞர் இருந்தார். மட்கார்டு, முன்பக்கம் பை வைக்க ஒரு சின்னக் கேரியர், விளக்கு எல்லாம் சைக்கிளோடு சேர்ந்தே பிறந்த மாதிரி செய்வார். விளக்குக்குப் போகும் ஒயர் வெளியே தெரியாது. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டரைத் தொண்ணூறு மணி நேரத்துக்குள், பின்னால் கார் வராமல், இரவெல்லாம் ஓட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். விளக்கும் பையும் இல்லாத சைக்கிளை அவர்கள் இன்னும் செய்து முடிக்காத சைக்கிளாகத்தான் பார்ப்பார்கள்.

பெரியப்பாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் வாழையிலை வியாபாரம். விடியும் முன் தோட்டத்துக்குப் போய், இலைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வருவார். அவருடையது ராலே சைக்கிள். பெடல் சக்கரத்தில் கொக்குத் தலை வெட்டியிருக்கும். அது இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் செய்தது என்பார். இல்லை, அசன்சோலில் சென்-ராலே கம்பெனி செய்தது என்று டீக்கடையில் ஒருவர் சொல்லிவிட, அந்தக் கடையில் ஒரு மாதம் டீ குடிக்கவில்லை.

வாழைக்கறை பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. வேட்டியில் பட்டால் வேட்டி கிழியும்வரை போகாது. அதனால் பெரியப்பா தினமும் சைக்கிளுக்குத் துணி சுற்றுவார். பார் முழுக்கப் பழைய வேட்டிக் கிழிசல், பின் மட்கார்டுக்குச் சாக்கு, செயின் கார்டுக்கு ஒரு தேய்ந்த துண்டு. கட்டுப் போட்ட நோயாளி மாதிரி சைக்கிள் தோட்டத்திலிருந்து சந்தைக்குப் போகும். சந்தையில் இலையை இறக்கியதும் அவர் செய்யும் முதல் காரியம், காசை எண்ணுவது அல்ல. துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, உதறி, மடித்துச் சாக்குக்குள் வைத்து, சாக்கைக் கேரியரில் தட்டையாக மடக்கிக் கட்டுவார். பிறகு இடுப்பில் இருக்கும் துண்டால் ஹேண்டில்பாரை ஒரு துடைப்பு. அச்சைத் துடைக்க வேண்டியதில்லை. அதில் கலர் நார்க்குஞ்சம் ஒன்று வளையமாகக் கிடக்கும், சக்கரம் ஓட ஓட அதுவே அச்சைத் துடைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் ஏறி, தேவையே இல்லாமல் பஜார் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். கறுப்பு பெயின்ட்டும் தங்கக் கோடும் வெயிலில் மின்னும். அவருக்கும் வெறும் சைக்கிள் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இறக்கிவைத்த பிறகு.

கேரியரில் நான் உட்கார்ந்து போயிருக்கிறேன். பிடித்துக்கொள்ள இருப்பது சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்தான். பெரியப்பா ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்பிரிங் சுருங்கி விரலைக் கவ்வும். வலியில் கத்தினால், "கையை எடு, காலைச் சக்கரத்துல விட்ராத" என்பார். இரண்டையும் எப்படிச் செய்வது என்று சொல்ல மாட்டார்.

ஒருநாள் மத்தியானம் அவர் தூங்கும்போது சைக்கிளை எடுத்துக் குரங்குப் பெடல் போட்டு வாய்க்கால் கரையில் விழுந்தேன். பின் மட்கார்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், வெள்ளையாகத் தகரம் தெரிந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் ஒரு சிரட்டையில் கறுப்பு பெயின்ட் வாங்கிவந்து, சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பூசினார். நிறம் ஒட்டவில்லை. அதற்கப்புறம் அவர் சைக்கிளை எங்கே நிறுத்தினாலும் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். உங்கள் வலது பக்கப் படத்தைப் பற்றிப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அன்று கோபம். இன்று யோசித்தால், பத்து வயதுப் பையனைக் கத்தாமல் இருக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் போலிருக்கிறது. நீங்கள் உங்கள் டேப்பைப் பற்றி ஒரு முழு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள், நூல் தெரிந்தது வரை. அப்பாவுக்கு, 'கத்திவிட்டேன்' என்று ஒரு சொல். என்ன சொல்லிக் கத்தினீர்கள் என்பதை எழுத உங்களுக்கே கூசியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கார்பன் ஃபிரேமில் ஸ்டாண்டு மாட்டக் கூடாது. அந்தக் குழாய் ஓட்டும்போது வரும் விசையைத் தாங்கும், கிளாம்ப் போட்டு இறுக்கினால் நசுங்கி உள்ளுக்குள் விரிசல் விட்டுவிடும். தெருமுனைக் கடைக்காரர் இரும்புக்குப் பழகிய கையால் இறுக்கியிருப்பார். ஆகவே இந்த ஞாயிறு கிளம்பும் முன், ஸ்டாண்டு இருந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசால் அங்கங்கே தட்டுங்கள். மற்ற இடத்தில் கணீரென்று கேட்டு அங்கே மட்டும் மந்தமாகக் கேட்டால், விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் ஏறாதீர்கள்.

ஸ்டாண்டு பரணிலேயே இருக்கட்டும். மணியை இறக்குங்கள். இருட்டில் ஈ.சி.ஆரில் மாடு குறுக்கே வரும்போது உங்கள் வெள்ளை டேப்பைப் பார்த்து அது ஒதுங்காது. உங்கள் ஹேண்டில்பாரின் நடுப்பகுதி சாதாரண சைக்கிளில் இருப்பதைவிடத் தடிமன். அதனால் கிளாம்ப் அங்கே சுற்றாது. பழைய டியூப்பில் ஒரு பட்டை வெட்டி வரிந்து கட்டினால் மணி அசையாமல் நிற்கும், டேப்பும் கிழியாது. அப்படிக் கட்ட உங்களுக்குத் தெரியாது. வீட்டில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.